அறளை என்று சொல்லித் தப்ப முடியாது

வருசா வருசம் டிசம்பர் 1 வருகிறது. வளாகங்களில் சிவப்பு நாடா குத்துகிறார்கள், பதாகை கட்டுகிறார்கள், ஒரு தெருவெளி நாடகம் போடுகிறார்கள். கதை எல்லாருக்கும் பாடம். ஒரு பெடியன் வெளியூருக்குப் போவான், கூடாத கூட்டுச் சேருவான், இரத்தப் பரிசோதனை செய்வான், தாய் அழுவா, கடைசியில் அவன் செத்துப்போவான். வெள்ளைத் துணி போர்த்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போக, கைதட்டல். அந்த நாடகத்தில் எச்.ஐ.வி உள்ள எவருக்கும் அறுபது வயது ஆவதில்லை.

வெளியே நிலைமை வேறு. இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல். வைரசைக் கட்டுப்படுத்தும் மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004இல். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்போது முப்பத்தைந்து வயதில் மருந்து தொடங்கிய ஒருவருக்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். நேரத்துக்குத் தொடங்கி, ஒழுங்காகக் குளிசை எடுக்கிறவரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளுக்குக் கிட்டவாக வந்துவிட்டது. அவர்கள் சாகவில்லை. நரை வந்திருக்கிறது, பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, முழங்கால் நோகிறது. சிலருக்கு மறதியும் வந்திருக்கிறது.

எங்கள் வாதம் இதுதான். எச்.ஐ.வி உள்ளவர்களைச் சாகாமல் காப்பாற்ற இந்த நாடு பழகிவிட்டது. அவர்களை முதுமையடைய விடுவதற்கு இன்னும் பழகவில்லை. அவர்களுடைய நினைவும் உடம்பும் தளரும்போது என்ன நடக்கும் என்று பொதுவெளியில் ஒரு பேச்சும் இல்லை. இந்தப் பேச்சில்லாமைக்குக் காரணம் இரண்டு மௌனங்கள். எச்.ஐ.வி என்றால் வெட்கம், வெளியில் சொல்லக் கூடாது. மறதி என்றால் "வயசு போனா அப்பிடித்தான், அறளை பேந்திட்டுது", அதுக்குமேல் சொல்ல ஒண்டுமில்லை. இந்த இரண்டு மௌனமும் ஒரே ஆளில் வந்து சேரும்போது அவரை விசாரிக்க ஒருவரும் இல்லாமல் போகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

எச்.ஐ.வி இரத்தத்தில் மட்டும் இருக்கிற கிருமி என்றுதான் கனபேர் நினைக்கினம். தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே அது மூளைக்குள்ளும் போய்விடும். நரம்புக் கலங்களை அது பெரும்பாலும் நேரடியாகப் பிடிப்பதில்லை. மூளைக்குள் காவல் வேலை செய்கிற நோயெதிர்ப்புக் கலங்களில் போய்க் குடியேறுகிறது. அந்தக் கலங்கள் வருசக்கணக்காக அழற்சியோடு இருக்க, பக்கத்தில் இருக்கிற நரம்புக் கலங்கள் பாதிக்கப்படுகின்றன. மருந்து இரத்தத்தில் உள்ள வைரசைக் கண்டறிய முடியாத அளவுக்கு இறக்கினாலும், இந்தச் சூடு முற்றாக அணைவதில்லை.

அறிகுறியும் நாங்கள் படங்களில் பார்த்த மறதி மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை. அல்சைமர் நோயில், இப்போது நடந்தது மனதில் நிற்காமல் போவதுதான் முன்னுக்கு வரும். எச்.ஐ.வி சார்ந்த அறிவாற்றல் பாதிப்பில் அனேகமாக வேகம் குறைகிறது. மிச்சக்காசு எண்ண நேரமெடுக்கும். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே கவனம் விட்டுப்போகும். சேட்டுப் பொத்தான் பூட்டக் கை தடுமாறும். முன்பு விருப்பமாகச் செய்த எதிலும் மனம் போகாது. வீட்டுக்காரர் இதை "சோம்பல்" என்பினம், "முந்தின மாதிரி இல்லை" என்பினம். நோய் என்று ஒருத்தருக்கும் படாது.

உடம்புப் பக்கத்தில் நடப்பதற்கு மருத்துவத்தில் ஒரு வரையறை உண்டு. நலிவு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவரது குழுவினரும் 2001இல் அதற்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: முயற்சி செய்யாமலே நிறை குறைவது, எப்போதும் களைப்பு, கைப்பிடியின் பலம் குறைவது, நடை மெதுவாவது, அன்றாட அசைவு குறைவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. இப்படிப்பட்டவர் ஒரு சின்னக் காய்ச்சலில் படுத்தால் எழும்ப மாதக்கணக்காகும். வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும், அதோடு நடை நின்றுபோகும்.

அமெரிக்காவில் ஆண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007இல் ஒரு கணக்கை வெளியிட்டது. எச்.ஐ.வி உள்ள 55 வயது ஆண்களில் நலிவை ஒத்த நிலை இருந்த வீதம், எச்.ஐ.வி இல்லாத, 65 வயதைத் தாண்டிய ஆண்களின் வீதத்தை ஒத்திருந்தது. பத்து வருட வித்தியாசம். அது பழைய காலத்துத் தரவு, இன்றைய மருந்துகளோடு நிலைமை அதைவிட நல்லம். ஆனால் இன்றைக்கு முதுமையடைகிறவர்கள் அந்தப் பழைய காலத்தைக் கடந்து வந்தவர்கள்தானே.

காத்திருக்க வைத்தது யார்

"ஏன் அவையின்ர மூளைக்கு இவ்வளவு பாதிப்பு?" என்று கேட்டால், உடனே வாழ்க்கை முறை, ஒழுக்கம் என்று கதை தொடங்கும். அந்தக் கதைக்குள் போக முதல் ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

சிடி4 என்பது நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை. ஆரோக்கியமான ஒருவருக்கு அது அனேகமாக 500க்கு மேலே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, எயிட்ஸ் அறிகுறி இல்லாத ஒருவருக்கு அந்த எண்ணிக்கை 200க்குக் கீழே போகும்வரைக்கும் மருந்து தொடங்குவதில்லை. 2010இல் அது 350 ஆனது. 2013இல் 500 ஆனது. 2015இல்தான், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் கண்டறிந்த உடனே மருந்து கொடுங்கள் என்றார்கள். அன்றைக்கு மருந்தின் விலை, பக்கவிளைவு எல்லாம் பெரிய சிக்கல்களாக இருந்தன. அது விளங்குகிறது. ஆனால் விளைவு என்ன? ஒரு தலைமுறை தங்கள் நோயெதிர்ப்புச் சக்தி விழும்வரை பார்த்துக்கொண்டிருக்க வைக்கப்பட்டது. சிடி4 ஒருகாலத்தில் எவ்வளவு கீழே போனதோ, அதற்கேற்ப மூளை பாதிக்கும் ஆபத்தும் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இன்றைக்கு ஒருவருக்கு வருகிற மறதியில் அன்றைக்குக் காக்க வைத்த வருடங்களுக்கும் பங்கு உண்டு. அதை அவருடைய ஒழுக்கத்தின் கணக்கில் எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை.

மருந்துகளுக்கும் ஒரு பங்கு உண்டு. எஃபாவிரென்ஸ் என்ற குளிசையை உலகம் முழுக்கப் பல வருடங்கள் முதல்நிலை மருந்தாகக் கொடுத்தார்கள். கெட்ட கனவு, தலைச்சுற்று, மன அமைதியின்மை அதன் தெரிந்த பக்கவிளைவுகள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதன் இடத்தில் டொலுடெக்ராவிரை முதல்நிலை மருந்தாகப் பரிந்துரைத்தது. அது நல்ல மருந்து. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வெறும் வயிற்றில் கல்சியக் குளிசையோடோ, இரும்புச்சத்துக் குளிசையோடோ சேர்த்துப் போட்டால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. வயிற்றெரிவுக்குக் குடிக்கிற மருந்துகள் பலதுக்கும் இதே பிரச்சினை. அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முதலோ ஆறு மணித்தியாலம் பிறகோ எடுக்க வேண்டும். எங்கட வீடுகளில் வயது போனவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கல்சியம், வயிற்றெரிவுக் குளிசை, பிறசர்க் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மறதி தொடங்கிய ஒருவர் இந்த நேரக்கணக்கைத் தனியாக எப்படிப் பிடிப்பார்?

இதைப் படிச்சிட்டு மருந்தில் பயப்பட வேண்டாம். மூளைக்கு இன்றைக்கு இருக்கிற மிகப்பெரிய பாதுகாப்பே அந்தக் குளிசைதான். நிறுத்தினால் எல்லாமே மோசமாகும்.

இலக்கங்களால் பயமுறுத்தவும் கூடாது

இந்த விடயத்தை எழுதுகிறவர்கள் பலர் "எச்.ஐ.வி உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மூளைப் பாதிப்பு" என்று தலைப்புப் போடுவார்கள். அதன் மூலம் அமெரிக்காவில் 1,555 பேரைச் சோதித்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு. சோதனைகளில் 52 வீதமானோர் குறைவாகச் செய்தார்கள், உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு, அதாவது 33 வீதம், அன்றாட வாழ்க்கையில் ஒரு சிக்கலும் தெரியாதவர்கள். கடுமையான மறதிநோய் இருந்தது 2 வீதமானோருக்கு. சோதனைப் புள்ளி குறைந்த எல்லாரையும் நோயாளி என்று எழுதுவது சரியில்லை என்று ஆய்வாளர்களே பிறகு சண்டை பிடித்தார்கள். 2023இல் ஒரு சர்வதேசக் குழு, புள்ளியை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம், அவருடைய முழு நிலைமையையும் பாருங்கள் என்று புதிய அணுகுமுறையை முன்வைத்தது.

இது எங்களுக்கு மிகவும் முக்கியம். ஒரு சோதனையில் "குறைவு" என்றால் யாரோடு ஒப்பிட்டுக் குறைவு? இடப்பெயர்வில் ஐந்தாம் வகுப்போடு படிப்புக் குழம்பிய ஒரு அம்மாவை, பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன வெளிநாட்டவரின் அளவுகோலில் வைத்து அளந்தால் அவ தோற்றுத்தான் போவா. தோற்றது அவவின் மூளையா, எங்கட போரா? தலையில் அடிபட்டவர்கள், நித்திரை இல்லாதவர்கள், காணாமல் போன பிள்ளையை நினைத்துக்கொண்டே இருப்பவர்கள் எல்லாருமே இப்படிப்பட்ட சோதனைகளில் மெதுவாகத்தான் செய்வார்கள். எனவே எங்கள் கோரிக்கை "எல்லாருக்கும் மூளைப் பாதிப்பு என்று சொல்லுங்கள்" என்பதல்ல. கேளுங்கள், பாருங்கள், எங்கட சனத்துக்குப் பொருத்தமான அளவுகோலால் அளவுங்கள் என்பதுதான்.

இரகசியம் காக்க நினைவு வேண்டும்

இப்போது எங்கள் வாதத்தின் நடுவுக்கு வருகிறோம்.

எங்கட சமூகத்தில் எச்.ஐ.வி உள்ள ஒருவர் எப்படி வாழ்கிறார்? இரகசியமாக. குளிசையை வேறு போத்தலுக்கு மாற்றி வைக்கிறார். கிளினிக் கொப்பியை உடுப்புக்குக் கீழே ஒளிக்கிறார். தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறி மருந்து எடுக்கிறார். "எங்க போறியள்?" என்றால் சொல்ல ஒரு பொய், "என்ன குளிசை?" என்றால் சொல்ல இன்னொரு பொய் வைத்திருக்கிறார். யாருக்கு எந்தப் பொய் சொன்னார் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறார். இருபது வருடமாக.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு தூணில் நிற்கிறது. அது அவருடைய நினைவு.

அந்தத் தூண் ஆடத் தொடங்கினால்? குளிசை போட்டதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போடுவார், அல்லது போடாமல் விடுவார். ஒளித்த கொப்பியை எங்கே ஒளித்தார் என்று தெரியாது. கிளினிக் திகதி தவறும். அரைநித்திரையில் மருமகளிடம் எதையாவது சொல்லிவிடுவார். காலெலும்பு முறிந்து வார்ட்டில் கிடக்கும்போது, "வேற என்ன மருந்து எடுக்கிறியள்?" என்று வைத்தியர் கேட்க, பக்கத்தில் மகன் நிற்க, வாய் திறக்க மாட்டார். புதிதாகக் கொடுக்கிற மருந்தும் பழைய மருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்க ஒருவராலும் முடியாது. உதவி செய்யக்கூடிய ஆளுக்கு விடயம் தெரியாது, விடயம் தெரிந்த ஒரே ஆளுக்கு நினைவு இல்லை.

இரகசியம் காக்கிற வேலை முழுவதையும் நோயாளியின் தலையில் போட்டிருக்கிறோமே, அதுதான் பிழை. அந்த வேலை சிகிச்சை முறைமையின் வேலை. ஒருவர் சுகமாக இருக்கும்போது அந்தப் பாரத்தைத் தூக்குவார். எழுபது வயதில் தூக்க முடியாது. அப்போது அது விழும், அவர்மேலேயே விழும்.

பயம் மட்டும் நியாயமானது. 2016இல் குளியாப்பிட்டியில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற ஒரு வதந்திக்காக ஒரு சின்னப் பெடியனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன, மற்றப் பெற்றோர் தங்கட பிள்ளைகளை மறித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி இல்லவே இல்லை. வதந்திக்கே ஒரு குழந்தைக்கு இந்த நிலை என்றால், முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுப் போகிற ஒரு வயோதிபர் தன் கிளினிக் கொப்பியை நீட்டுவாரா? நிரந்தரமாகக் கண்டறிய முடியாத அளவில் வைரஸ் உள்ளவரிடமிருந்து பாலுறவால்கூடத் தொற்றுவதில்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டுவதால், சாப்பாடு தீத்துவதால், உடுப்புத் தோய்ப்பதால் அது எப்போதுமே தொற்றியதில்லை. இது தெரியாத பராமரிப்பாளர் ஒருவர் போதும், ஒரு முதியவரின் கடைசிக் காலத்தை நரகமாக்க.

ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்

எச்.ஐ.வி மருத்துவத்தில் 50 வயதிலிருந்தே "முதியவர்" என்று கணக்கெடுப்பது வழக்கம். இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியவர் என்பவர் 60 வயதை அடைந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் நடை தளர்ந்து, தினக்கூலிக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறவர் இந்த இடைவெளியில் விழுகிறார். உடம்புக்கு வயது போய்விட்டது, கடதாசிக்குப் போகவில்லை.

அதே சட்டம் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. கைவிட்டால் பராமரிப்புச் சபைக்குப் போகலாம். நல்ல சட்டம்தான். பிள்ளை இல்லாதவர்? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தன்பாலுறவை இன்னமும் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கீழே ஒரு ஆயுளைக் கழித்த ஆண்கள் பலருக்குத் துணை என்று பதிவுசெய்த ஒருவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போக எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம். அந்தப் பரிசோதனையில் தெரியவந்து, வேலையும் போய், வீட்டில் பேச்சும் போனவர்கள் இருக்கிறார்கள். "வயசு போனா பிள்ளை பாக்கும்" என்ற எங்கட ஒரே திட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.

இலக்கங்களிலும் இவர்கள் இல்லை. ஒரு நாட்டின் எச்.ஐ.வி நிலையைச் சொல்ல உலகம் அதிகம் எடுத்துக்காட்டும் வீதம் 15இலிருந்து 49 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஐம்பதாவது பிறந்தநாளோடு ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

முதுமையில் புதிதாகத் தொற்றுவதும் உண்டு. மருத்துவர் கமலிகா அபேரத்னவை இன்றைய இளையவர்கள் கனபேருக்குத் தெரியாது. 1934இல் பிறந்த குழந்தைநல மருத்துவர். 1990களில் ஒரு வீதி விபத்துக்குப் பிறகு ஏற்றிய இரத்தத்தால் அவருக்கு எச்.ஐ.வி வந்தது. அதை மறைக்காமல் பொதுவெளியில் சொல்லி, 2004இல் இறக்கும்வரை எச்.ஐ.வி உள்ளவர்களுக்காகப் பேசினார். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண், ஒரு வைத்தியர். எங்கட தெருவெளி நாடகக்காரரின் கதாபாத்திரப் பட்டியலில் அவருக்கு எந்த இடம்?

"ஆனால்" என்கிறவர்களுக்கு

"இலங்கையில் எச்.ஐ.வி குறைவுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" உண்மை, தொற்று வீதம் மிகக் குறைந்த நாடு இது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நாடு. அதைச் செய்ய முடிந்த சுகாதாரத் துறையால் சில ஆயிரம் பேரின் முதுமையைப் பார்க்க முடியாதா? தொகை சிறிதாக இருப்பது செய்யாமல் விடக் காரணமல்ல, செய்து முடிக்கலாம் என்பதற்குக் காரணம்.

"காசு இல்லை." நாங்கள் ஸ்கேன் இயந்திரம் கேட்கவில்லை. 2005இல் வெளியான சர்வதேச எச்.ஐ.வி மறதிநோய் அளவுகோல் என்ற சின்னச் சோதனை அமெரிக்காவிலும் உகண்டாவிலும் பரீட்சிக்கப்பட்டது. விரலை வேகமாகத் தட்டச் சொல்லுவார்கள். கையைப் பொத்தி, விரித்து, நிமிர்த்தி ஒரு ஒழுங்கில் வைக்கச் சொல்லுவார்கள். நாலு சொல்லைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள். 12 புள்ளி. 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும். எழுதத் தெரிய வேண்டாம், வாசிக்கத் தெரிய வேண்டாம். மெல்லிய பாதிப்பை அது தவறவிடும்தான், ஆனால் ஒன்றும் பாராமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். நலிவைப் பார்க்க நாலு மீற்றர் தரையும் ஒரு மணிக்கூடும் போதும். வழமையான நடையில் நாலு மீற்றரைக் கடக்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டிய நடை.

"கண்டுபிடிச்சு என்ன செய்யிறது, மருந்து இல்லையே." மறதிக்குப் பின்னால் மருந்து இருக்கிற காரணங்கள் எத்தனையோ உண்டு. விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட், மனச்சோர்வு, மதுப் பழக்கம், பழைய சிபிலிஸ், கட்டுக்குள் இல்லாத பிறசரும் சீனியும். எச்.ஐ.வி உள்ள, 40இலிருந்து 75 வயது வரையான 7,769 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. பிட்டாவாஸ்டடின் என்ற கொழுப்புக் குளிசையை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 35 வீதம் குறைந்தன. நலிவுக்கு நடை, தசைப் பயிற்சி, புரதச் சாப்பாடு உதவுகின்றன. "வயசு போனா அப்பிடித்தான்" என்ற ஒரு வசனம் இவ்வளவையும் அடித்து மூடுகிறது.

"தேடிப்போய் எடுத்த வருத்தம்தானே." இதற்குப் பதில் சொல்லும் தேவை எங்களுக்கு இல்லை. சீனி வருத்தக்காரரிடம் எத்தனை லட்டு சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டா இன்சுலின் ஏற்றுகிறோம்?

நாங்கள் கேட்பது

ஒன்று. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்தெடுக்கும் ஒவ்வொருவருக்கும் 50 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருதரம் நினைவு, நடை, நிறை, மனநிலை பார்க்கப்பட வேண்டும். தமிழில் கேட்க வேண்டும், தமிழர்களின் அளவுகோலில் அளக்க வேண்டும்.

இரண்டு. மனம் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, "எனக்கு நினைவு தளர்ந்தால் இந்த ஆளிடம் கதையுங்கள்" என்று ஒருவரை எழுதிவைக்க வழி வேண்டும். அது மகனாக இருக்கலாம், நண்பனாக இருக்கலாம், இன்னொரு எச்.ஐ.வி உள்ளவராக இருக்கலாம். தெரிவு அவருடையது. எழுதாவிட்டால் பறிக்கக் கூடாது.

மூன்று. ஒரு கிளினிக்குக்கும் இன்னொரு கிளினிக்குக்கும் இடையில் கடிதம் கொண்டுபோகிற வேலை நோயாளிக்கு இருக்கக் கூடாது. இதய கிளினிக், எலும்பு கிளினிக், மனநல கிளினிக் வைத்தியர்களுக்கிடையில் தகவல் மூடிய வழியில் போக வேண்டும். வார்ட்டில் கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக வாசிக்கக் கூடாது.

நான்கு. எச்.ஐ.வியைக் காரணம் காட்டி முதியோர் இல்லங்கள் ஒருவரையும் மறுக்கக் கூடாது. அங்கு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஐந்து. நலிவு வந்த எச்.ஐ.வி உள்ளவருக்கு முதியோர் உதவிகள் 60 வரை காத்திராமல் கிடைக்க வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் எழுதச் சொல்லி கிராமத்துக்கே காட்டிக்கொடுக்கவும் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை எச்.ஐ.வி உள்ள முதியவர்கள் தாங்களே உலக அரங்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022இல் கிளாஸ்கோவில் அவர்களுடைய சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு பிரகடனமே வெளியிட்டது. இங்கே பெயர் சொல்லிக் கேட்க அவர்களால் முடியாது. ஆகவே பெயர் சொல்லக்கூடிய நாங்கள் கேட்கிறோம்.

"பெடியள், உங்களுக்கு இதில என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை கிடக்குது. உளவியல் படிக்கிறவர்கள் எங்கட ஊர் முதியவர்களுக்கான அளவுகோல்களைத் தேடி ஆய்வுக் கட்டுரைக்கு எடுக்கலாம். சமூகவியல்காரர் முதியோர் இல்லங்களின் சேர்க்கை விதிகளை வாசிக்கலாம். நாடகம் எழுதுகிறவர்கள் அந்தப் பெடியனைச் சாகவிடாமல் அறுபத்தைந்து வரைக்கும் வாழவிட்டுப் பார்க்கலாம். அப்போதுதான் கதையே தொடங்கும்.

வீட்டில் செய்யவும் ஒன்று உண்டு. ஒரு பெரியம்மாவோ மாமாவோ மெலிந்து, நடை தளர்ந்து, கதை மறந்து போகும்போது "அறளை" என்று சொல்லிச் சிரிப்பதை விடுவோம். எப்ப தொடங்கினது என்று கேட்போம். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவோம். வயது போனவர்களுக்கு எச்.ஐ.வி இருக்கும் என்று ஒருவரும் நினைக்காததால்தான் அவர்களுக்கு அது மிகப் பிந்திக் கண்டறியப்படுகிறது. வைத்தியர் மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி பரிசோதனையையும் எழுதினால் முகம் சுளிக்காமல் செய்விப்போம். முடிவு எதுவாக இருந்தாலும் "எப்படி வந்தது?" என்று கேட்காமல் இருப்போம். அடுத்த கிளினிக் திகதி எப்போது, ஆர் கூடப் போறது என்பதை மட்டும் கேட்போம்.